ஹட் பேயிலிருந்து வந்த சம்மதம்

1.

இப்போதெல்லாம் யாரும் முழுதாகப் பேசுவதில்லை. "ஹலோ, கேக்குதா" என்று பாதி, "அப்புறம் பேசறேன்" என்று மீதி. ஆளுக்கு இரண்டு செல் வைத்திருக்கிறார்கள். நேரில் போய்க் கதவைத் தட்டினால், "போன் பண்ணிட்டு வரக்கூடாதா" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள்.

இந்தக் கதை பிறந்தது அந்தக் கோபத்தில்தான். இந்தத் தீவில், கராச்சர்மாவில், எங்கள் தெருவே என் பழைய கம்பெனியை "செத்த கம்பெனி" என்றது. முன்பு அது சர்க்கார் டெலிபோன் இலாகா. அப்புறம் கம்பெனி ஆக்கினார்கள். அதில் முப்பத்தோரு வருஷம் குழி வெட்டி கேபிள் ஜாயிண்ட் போட்டவன் நான், சண்முகம். நானும் அதை நம்பியதில்லை. ஆனால் அடுத்தவன் திட்டினால் பொறுக்காது. படிப்பு ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

2.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "நீலக்கடல் சூழ்ந்த எழில்மிகு தீவுகளில்..."

(அடித்துவிட்டேன். அன்று கடல் சேற்று நிறம். அதனால்தான் கப்பல் ரத்து.)

அடுத்தது: "ஒரு தந்தையின் பாசம் கடலைவிட..."

(எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது.)

நேராகவே சொல்கிறேன். பக்கத்து வீட்டு நிதாவுக்கு நிக்காஹ். அவள் அத்தா அப்துல் வஹாப் கடல் தாண்டி இன்னொரு தீவில், ஹட் பேயில், கடை வைத்திருக்கிறார். முந்தின நாள் கப்பல் ஏறியிருக்க வேண்டும். காற்றில் கப்பலும் இல்லை, ஹெலிகாப்டரும் இல்லை. மாப்பிள்ளை ரியாசுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. மறுநாள் காலை விமானத்தில் மெயின்லாண்ட் போகிறான். இன்று விட்டால் அவன் திரும்ப ஒன்பது மாதம்.

பெண்ணின் அத்தா இருக்கும்போது அவர் சம்மதம் வராமல் நிக்காஹ் இல்லை என்பது அவர்கள் முறை. நேரில் வர முடியாவிட்டால், தன் சார்பாக நடத்திவைக்கும்படி பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சொல்லலாம். அவர் குரல் தெரிந்த இரண்டு பேர் அதைக் கேட்க வேண்டும் என்றார் ஹஜ்ரத். செல்லில் போட்டுப் பார்த்தார்கள். ஹட் பே பக்கம் காற்றில் டவர்கள் படுத்துவிட்டன. "நிதாவ... க்கு... த்துட்டே..." என்று வந்தது. குறுஞ்செய்தி மட்டும் எப்போதாவது ஒன்று போனது.

ஹஜ்ரத் தலையை ஆட்டினார். "அரைகுறையாக் கேட்டதை வச்சு ஒரு பொண்ணைக் கட்டிக் கொடுக்க மாட்டேன்."

3.

மாப்பிள்ளையின் பெரியத்தாவை வில்லனாக்க நினைத்தேன். "அவர் கண்களில் நஞ்சு..."

(விட்டுவிட்டேன். அவர் கண்ணில் இருந்தது புரை மட்டும்தான்.)

"ஒம்பது மாசம் தள்ளி வச்சா என்ன, அல்லா நாடுனது நடக்கும்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். உள்ளறையில் அழுதுகொண்டிருந்த நிதாவின் சத்தம் சட்டென்று நின்றுபோனது. அழுகையைவிட அது மோசமாக இருந்தது.

நான் வாயை விட்டேன். "என் வீட்டுல கம்பி போன் இருக்கு. ஹட் பே எக்ஸ்சேஞ்சுல எங்க ஆளு ஈஸ்வரன் இருக்கான். காத்து அடிச்சாலும் பேட்டரியில ஓட்டுவான். அங்கேருந்து பேசச் சொல்லுங்க."

என் நம்பர் குறுஞ்செய்தியில் போனது. இரண்டு வீட்டாரும் ஹஜ்ரத்தோடு என் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பத்து நிமிஷம். அரைமணி. போன் அசையவில்லை. வஹாபிடமிருந்து பதில் வந்தது: "எப்ப போட்டாலும் எங்கேஜ்."

"அரே பாய், செத்த கம்பெனிக்கு எப்பவோ பாத்திஹா ஓதியாச்சு," என்றார் பெரியத்தா. எல்லாரும் சிரித்தார்கள்.

மரகதம் அடுப்படியிலிருந்து வந்தாள். என் சம்சாரம். "கம்பெனியை ஏன் சொல்றீங்க? லோன் வேணுமான்னு எவளோ கூப்பிடுறாளாம். இந்த மனுஷன் ரிசீவரை இறக்கி வச்சு மேல துண்டைப் போட்டு நாலு மாசமாச்சு!"

(இந்த இடத்தை எழுதாமல் விட நினைத்தேன். மரகதம் இதைப் படிப்பாள். அதனால் விடவில்லை.)

4.

ரிசீவரை வைத்தேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

மணி அடித்தது. செல்லில் வரும் பாட்டு இல்லை, தெருநாய் எழுந்து ஓடுகிற மணி.

பழைய போன், ஸ்பீக்கர் கிடையாது. ஹஜ்ரத் ரிசீவரைப் பிடிக்க, இந்தப் பக்கம் பெரியத்தாவும் அந்தப் பக்கம் நிதாவின் மாமுவும் காதை ஒட்டினார்கள். மூன்று தாடிகள், ஒரு ரிசீவர்.

"நீ வஹாபுதான்னு எப்படி நம்புறது?" பெரியத்தா கத்தினார். "என்கிட்ட ஏமாத்தி வித்தியே குடை, அது என்ன கலரு?"

கூடத்தின் இந்தக் கோடியில் நின்ற எனக்கே பதில் கேட்டது. "பச்சை! ஏமாத்தலை, நீதான் பேரம் பேசி என் உசுரை எடுத்தே!"

"அவரேதான்," என்றார் பெரியத்தா.

பிறகு ஒரு செருமல் வந்தது. நடுக்கடலைத் தாண்டி, ஓர் எழுத்து உதிராமல் வார்த்தை வந்தது: "என் மக நிதாவை ரியாசுக்கு நிக்காஹ் செஞ்சு கொடுக்க, ஹஜ்ரத்தை எனக்குப் பதிலா என் வக்கீலா ஆக்கிட்டேன்."

தெரு அதிர்ந்தது. ரியாஸ் என்னைத் தூக்கியேவிட்டான். யாரோ "சர்க்கார் போன் ஜிந்தாபாத்" என்றான். என்னை 'செத்த கம்பெனிக்காரன்' என்ற அத்தனை வாயும் சேர்ந்து கத்தியது. நானும் கத்தினேன். பொய் சொல்லவில்லை, கண் கலங்கியது.

5.

முடிவு.

"அன்று முதல் தெருவில் எல்லாரும் கம்பி போன் வாங்கி..."

(நடக்கவில்லை.)

"காற்று நின்றதும் கம்பெனியை மறந்து..."

(அப்படியும் சொல்ல மனமில்லை. நான்கைந்து பேர் வந்து என் நம்பரை எழுதிக்கொண்டு போனார்கள்.)

நிக்காஹ் விருந்தில் நான் ஒன்று கேட்டேன். "ஈஸ்வரன் ரிட்டயர் ஆனா அங்கே பேட்டரியை யாருய்யா பார்ப்பான்?" பிரியாணி வந்துவிட்டது.

அந்தக் கேள்விக்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. கம்பெனி பிழைத்ததா, அன்று ஒரு நாள் ஜெயித்ததா, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். "வாழ்க" என்று முடித்தாலும் தடுக்க மாட்டேன், அதன் கீழே என் கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள்.

வஹாபின் கப்பல் மூன்று மணிக்கு வருமாம். ஜெட்டிக்குக் கிளம்புகிறேன். மூன்று மணிக்கெல்லாம் வராது.