நாற்காலி தயார்

தர்மம் செய்ய வந்தவர்கள் ஏசி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சு நிற டி-சர்ட். முதுகில் ஒரு இதயம், அதற்குள் கம்பெனியின் பெயர். பெயர் இதயத்துக்குள் அடங்காமல் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டிருந்தது.

கடைசியாக இறங்கியவள் நொட்டை. ஆபீஸ் அவளுக்கு வைத்த பெயர் அது. மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது அவள் வேலை. சம்பளம் கொடுத்து நொட்டை சொல்ல வைத்துவிட்டு, எப்போது பார்த்தாலும் நொட்டை சொல்கிறாளே என்று அலுத்துக்கொள்வது ஆபீஸின் வேலை.

இறங்கிய இடம் ஒரு பழைய கிடங்கு. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி நடமாட முடியாமல் கிடப்பவர்களுக்குச் சக்கர நாற்காலி இரவல் கொடுக்கும் சங்கம் அங்கே நடந்தது. சங்கம் என்றால் வேறொன்றுமில்லை. ஓய்வுபெற்ற நர்சம்மாவும், போனில் பேசிப் பேசிக் கட்டிப்போன அவருடைய தொண்டையும்தான். ஒரு நாற்காலி திரும்பி வந்தால், காத்திருப்பவர்களில் அடுத்த ஆளுக்குச் சேதி போக வேண்டும். அதற்கு ஒரு வழி செய்து கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்று கேட்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் நர்சம்மா. "அளவு பாக்கணும்னு நோயாளியையே இங்க வரச் சொல்றேன். அவங்களைக் கிளப்பிக் கொண்டுவர்றது வீட்டுல இருக்கறவங்களுக்குப் பெரும்பாடு. அதனால நாற்காலி என் கண்ணு முன்னாடி நிக்காம யாரையும் வாங்கன்னு சொன்னது கிடையாது. நான் கூப்பிட்டு வந்து வெறுங்கையோட திரும்புனவங்க ஒருத்தர் இல்ல."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கம்பெனியில் சேவைக்கு ஒரு பிரிவு, பிரிவுக்கு இந்தத் தலைவர், தலைவருக்கு ஒரு போட்டோக்காரர். கண்ணை மூடிக் கேட்டால் மனம் திறந்து கேட்பதுபோல் இருக்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லித் தொலைத்திருக்கிறார்கள்.

காலைப் பொழுது முழுவதும் பெயர் வைப்பதில் போயிற்று. 'கருணைச் சக்கரம்' என்று ஒருவழியாக முடிவானதும், அதற்குச் சின்னம் வரைவதில் இரண்டு கோஷ்டிகளுக்குள் மனத்தாங்கல் வந்து, ஒரு கோஷ்டி பஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கிடங்கில் தயாராக நின்றது ஒரே ஒரு நாற்காலி. அவர்களுடைய வேதனையை நாமும் உணர வேண்டாமா என்று தலைவர் அதில் ஏறி உட்கார்ந்து இரண்டு சுற்று வந்தார். வேதனை சௌகரியமாக இருந்திருக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டையும் அதிலேயே உட்கார்ந்து முடித்தார்.

மிச்சமிருந்த நேரத்தில் வேலையை முடித்தவன் மூளை. கீபோர்டில் படபடவென்று தட்டுவதால் அந்தப் பெயர். நர்சம்மா எழுதி வைத்திருந்த காத்திருப்போர் எல்லோருடைய போன் நம்பரையும் அப்படியே உள்ளே ஏற்றியிருந்தான். திரையில் ஒரு பச்சைப் பொத்தான். அமுக்கினால் பெயர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பச்சையாக மின்னும். ஒரே ஒரு பெயர் மின்னினால் பார்க்க நன்றாக இருக்காதாம்.

"நிஜ நம்பரா போட்டிருக்கே? சும்மா அமுக்கிக் காட்டறப்ப மெசேஜ் வெளிய போகாம கட்டி வெச்சிருக்கியா?" என்று கேட்டாள் நொட்டை.

"கட்டியாச்சுக்கா."

ஆபீஸில் இந்த 'ஆச்சுக்கா'வை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. தன் கையால் ஒருமுறை பார்த்த பிறகுதான் மறுவேலை. சோப்பு விற்கிறவனுடைய இணையதளத்தைக்கூட நாள் கணக்கில் குடைந்து பார்ப்பார்கள். அவன் கேள்வி கேட்பான். இங்கே யார் கேட்கப் போகிறார்கள்? அவள் லேப்டாப்பை நோக்கி நகர்வதைப் பார்த்துவிட்டுத் தலைவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். இன்றைக்கு ஒருநாளாவது நொட்டை சொல்லாமல் இரம்மா, இது தர்ம காரியம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கும் ஒருநாள் நல்லவளாக இருந்து பார்க்கலாமே என்று தோன்றிவிட்டது.

பொத்தானை அமுக்கும் கௌரவம் அவளுக்கே கிடைத்தது. பெயர்கள் மின்னின. கைதட்டல். நர்சம்மாவுக்கு ஒரு பொன்னாடை. பிறகு குழுப்படம், தனித்தனிப் படம், சிரித்துக்கொண்டு ஒன்று, சிந்தித்துக்கொண்டு ஒன்று.

இரண்டாவது போஸில் இருந்தபோது வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. பின்னாலேயே இன்னொன்று. கட்டுப் போட்ட காலை மகள் மடியில் நீட்டியபடி ஒரு அம்மாள். இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு ஒருவர். ஆளாளுக்குக் கையில் போன், போனில் நர்சம்மா பெயரில் ஒரே சேதி: 'உங்கள் நாற்காலி தயார். இன்றே வந்து பெற்றுக்கொள்ளுங்கள்.' நொட்டை மூளையைப் பார்த்தாள். அவன் லேப்டாப்பைப் பார்த்தான். எதையும் அவன் கட்டியிருக்கவில்லை.

நர்சம்மா பொன்னாடையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

தலைவர் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா? லான்ச் பண்ணி ஒரு மணி நேரம்கூட ஆகல. என்ன ரெஸ்பான்ஸ்!"

அப்போதுதான் அந்த ஆள் வந்தான். வண்டி கிடைக்கவில்லைபோல. அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு தெருவோடு நடந்தே வந்திருந்தான். கிழவருடைய கால்கள் இரண்டும் துணிபோல ஆடின. வரிசையில் அடுத்த ஆள் இவர்தான், அந்த நாற்காலி இவருக்கு வைத்தது என்றார் நர்சம்மா.

"அருமை," என்றார் தலைவர். "தம்பி, இறக்கிடாத. அப்படியே நில்லு. நான் எந்திரிச்சு நாற்காலியைக் குடுக்கற மாதிரி ஒண்ணு எடுத்துக்கலாம்."

அந்த ஆள் நின்றான். மூச்சிரைத்தது. வெளிச்சம் போதவில்லை, வாசல் பக்கம் திரும்பச் சொல்லுங்கள் என்றார் போட்டோக்காரர். அவன் திரும்பினான். நாற்காலி கிடைக்க இதுவும் ஒரு முறை போலிருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ.

நொட்டை நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"எந்திரிங்க சார்."

"ஒரே நிமிஷம்மா."

அவள் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்து முன்பக்கமாகச் சாய்த்தாள். தலைவர் வழுக்கி, மாவு மூட்டைபோலத் தரையில் உட்கார்ந்தார். கிழவரை நாற்காலியில் இறக்கினார்கள். அவர் முதலில் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தார்.

மற்றவர்களிடம் சொல்ல வேண்டியதை நொட்டைதான் சொன்னாள். ஒவ்வொரு வண்டியாகப் போய், குனிந்து, தப்பாக மெசேஜ் வந்துவிட்டது என்றாள். யாரும் திட்டவில்லை. கட்டுக்கால் அம்மாள் மட்டும் அவளை விட்டுவிட்டு நர்சம்மாவைப் பார்த்து, "நீங்க சொன்னீங்கன்னுதான் வந்தேன்," என்றாள். நர்சம்மா அவள் காலைத் தூக்கித் திரும்பவும் மகள் மடியில் வைத்தார்.

பஸ் ஹாரன் அடித்தது. மூளை ஜன்னல் வழியே, அது சின்ன விஷயம், ஒரே வரி, திங்கட்கிழமை சரி செய்துவிடலாம் என்றான். தலைவர் முன் சீட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, எடுத்த படங்களுக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தார். நொட்டை ஏறவில்லை. யாரும் ரொம்ப வற்புறுத்தவும் இல்லை.

கிடங்குக்குள் திரும்பி வந்து நர்சம்மாவின் போனை வாங்கிக்கொண்டாள். இன்னும் வராதவர்களை வர வேண்டாம் என்று தடுக்க வேண்டும். முதல் ஆள் எடுக்கவில்லை. இரண்டாவது நம்பர் உடனே எடுத்தது. ஒரு பெண் குரல். பின்னால் வண்டிச் சத்தம், யாரோ வலியில் முனகும் சத்தம்.

"நர்சம்மாவா? கிளம்பிட்டோம்மா. மாடிப்படியில இறக்கறதுக்குத்தான் நேரமாயிடுச்சு. நாற்காலியை யாருக்கும் குடுத்துடாதீங்க. இதோ, தெருமுனைக்கு வந்துட்டோம்."