ஒரு விரல் இடம்

பூக்கட்டும் நாரைக் கணவர் புகழேந்தியின் இடது மணிக்கட்டில் சுற்றி, ஒரு விரல் நுழைய இடம் விட்டு முடிச்சுப் போட்டாள் ரேணுகாம்பாள்.

“இறுக்கிக் கட்டு. லூசா இருந்தா வாட்ச் வளையலாட்டம் ஆடும்.”

“வெயில் காலத்துல உங்க கை ஊதும்ங்க. எனக்குத் தெரியாதா?”

நாரை ஸ்கேலில் வைத்துப் படம் எடுத்து, ஜப்பானில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக் கவிநிலாவுக்கு அனுப்பினார். பிறகு பால் வாங்கப் போனவர், பூத் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அவர் ஆசைப்பட்ட அந்த வாட்ச் ஜப்பானில் மட்டும்தான் கிடைக்கும். எத்தனை முறை கேட்டு எழுதினாலும், இந்தியாவுக்கு அனுப்புவதில்லை என்று கடையிலிருந்து ஒரே பதில் வரும். வேறு ஆள் மூலம் வரவழைத்தால் கஸ்டம்ஸில் மாட்டிக்கொள்ளும் என்றார்கள். நில அளவை அலுவலகத்தில் கோடு போட்டே காலம் கழித்த மனிதர். சாப்பிடும்போதும் அதன் வீடியோவைத்தான் காட்டுவார்.

“பாரு, செகண்ட் முள்ளு கோட்டு மேலயே வந்து நிக்குது. ஒரு மினுக்கல் கிடையாது, ஒண்ணும் கிடையாது.”

“அந்த ஒழுங்குல பாதி உங்க பீரோவுக்கு இருக்கக் கூடாதா?” என்பாள்.

கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வந்த கவிநிலா, வாட்சை அவள் கையில் வைத்தாள்.

“படம் வந்த அன்னிக்கே வாங்கிட்டேன் அத்தை. அளவுக்குச் செயின் கண்ணியக் கூட கழட்டிட்டாங்க. சேதி அப்புறந்தான் வந்துச்சு.”

மகன் அருண்பிரசாத் மாட்டிப் பார்த்தான். கையைத் தூக்கியதும் பாதி முழங்கை வரை இறங்கியது.

“அப்பாவுக்கே இது லூசுதாம்மா.”

“சரியா இருந்திருக்கும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

அவர் கையின் புடைத்த நரம்பு அவளுக்கு நினைவிருந்தது. பழைய வாட்ச் மறைத்து வெளுத்துப்போன தோல் நினைவிருந்தது. பருமன் மட்டும் பிடிபடவில்லை. கட்டைவிரலையும் நடுவிரலையும் வளைத்து, காற்றில் ஒரு மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று தெரியவில்லை. கொஞ்சம் விரித்தாள். கொஞ்சம் சேர்த்தாள். பிள்ளைகள் இருவரும் பார்ப்பதை உணர்ந்து கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“டைம் மாத்திடவா அத்தை? அந்த ஊர் நேரத்துலயே ஓடுது. நம்மளவிட மூணரை மணி நேரம் ஜாஸ்தி.”

“இருக்கட்டும்மா.”

அவர்கள் போன பிறகு அதை ஜன்னல் கட்டையில் வைத்தாள். மலை மேல் இன்னும் வெயில் இருந்தது. வாட்சில் மணி எட்டரை.