பன்னிரண்டாவது மேஜை

பாரிசில் ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு மேஜை விரிப்பு தைத்துக் கொடுப்பவள் பெரின். பழுப்பு நிறத்தில் முரட்டுக் கம்பளி, பேர் 'ப்யூர்'. அந்தத் துணியின் பேர் மேஜையில் ஒட்டி, மேஜையின் பேர் அறையில் ஒட்டி, கடைசியில் அலுவலகமே 'ப்யூரோ' ஆகிவிட்டது. விரிப்பில்லாத மேஜையில் எந்தக் குமாஸ்தாவும் பேனாவைத் தொடமாட்டார். ஏழு வருஷத்துக்கு முன் மூன்று விரிப்பு தைத்தாள். இப்போது பதினொன்று. சண்டை முடிந்து சிப்பாய்கள் வீடு திரும்பியாயிற்று, மேஜை மட்டும் குட்டி போட்டுக்கொண்டே போகிறது. என்ன கண்றாவியோ!

அங்கேதான் அவள் மனுவும் மேஜைக்கு மேஜை கையெழுத்துக்காகக் கிடந்தது. கனடா சண்டைக்குப் போன புருஷன் இருக்கிறானா, செத்தானா? அதற்கு ஒரு தாள் வந்தால்தான் பாதிரியார் மறுகல்யாணம் செய்துவைப்பார். வண்டிக்கார மத்துரேன் அவளுக்காக நாலு வருஷம் காத்திருந்தான். ஞாயிறு தவறாமல் சூப் குடிக்க வருவான்.

"இன்னும் எத்தனை மேஜை பெரின்? உன் தாள் வர்றதுக்குள்ள எனக்குப் பல்லெல்லாம் கொட்டிடும் போலிருக்கே!"

போன ஈஸ்டருக்கு அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அவனைத் திட்டக்கூட அவளுக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் தாங்கவே முடியவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாவது விரிப்பைக் கொண்டுபோனாள். குமாஸ்தா கொபேர் சிரித்தார்.

"வாங்கம்மா. வெளியில எங்களுக்குப் புதுப் பேர் வச்சிருக்கானுங்க, கேட்டீங்களா? 'ப்யூரோகிராசி'யாம். நாட்டை ராஜா ஆளலியாம், மேஜைதான் ஆளுதாம். கொழுப்பைப் பாருங்க!"

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க. என் மனு என்னாச்சுங்கய்யா?"

"அட, இன்னிக்குத்தான் பதினோராவது கையெழுத்து விழுந்துச்சு!"

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவரே படித்தார். புருஷன் கப்பலேறிய வருஷமே, குளிர்காலத்தில், க்யூபெக்கில் காய்ச்சலில் செத்துப்போயிருந்தான். அந்தத் தகவல் இங்கே வந்து ஏழு வருஷம் ஆகிறது.

"ஏழு வருஷமா? அப்போ மத்துரேன் முதமுதல்ல வந்து கேட்டப்பவே நான் விதவைதானா? உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"முதல் மேஜைக்குத் தெரியும்மா. என் மேஜைக்கு இன்னிக்குத்தான் வந்துச்சு." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். தாளை மடித்து அவள் கையில் வைத்தார். "பத்திரமா வச்சுக்குங்க. இனிமே யாரை வேணும்னாலும் கட்டிக்கலாம்."

பெரின் தெருவுக்கு வந்தாள். இதை ஓடிப்போய்ச் சொல்ல அவளுக்கு இந்த ஊரில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தான். அவன் வீட்டுக் கதவை இப்போது வேறொருத்தி வந்து திறப்பாள்.