லாபம், ரெண்டு, மூணு

ஐம்பத்தேழு மூட்டை கூடுதலாக இருந்தது. குறைந்திருந்தால் திருட்டு என்று சொல்லி யாராவது ஒருத்தனைப் பிடித்து உலுக்கலாம். கூடியிருந்தால் யாரைப் பிடிப்பது? ஸ்ரீவில்லிபுத்தூர் விற்பனை வரி ஆபீஸிலிருந்து வந்திருந்த ஆவுடையம்மாள் சரக்குக் கிட்டங்கியின் நடுவில் நின்று, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, அடுக்கி வைத்திருந்த பருத்திக்கொட்டை மூட்டைகளை அட்டி அட்டியாகப் பேனாவால் சுட்டி எண்ணினார்கள்.

"அம்பத்தேழு அட்டி. அட்டிக்கு இருபது. ஆயிரத்து நூத்தி நாப்பது வருது. ஒங்க பேப்பர்ல ஆயிரத்து எம்பத்து மூணுதான் இருக்கு. திங்கக்கிழமை வாரேன். முன்னால நின்னு ஒவ்வொண்ணா எண்ணுவேன். அதுக்குள்ள இந்த அம்பத்தேழு எங்கயிருந்து வந்ததுன்னு எனக்கு விவரம் வேணும்."

முதலாளி வைகுண்டராஜ் அந்த அம்மாளை ஜீப் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து என்னைத்தான் பார்த்தார். பார்க்காமல் என்ன செய்வார்? மூட்டைகள் உள்ளே இறங்கிய மூன்று வாரமும் நோட்டுப் போட்டவன் நான்.

"சமுத்திரம், நாப்பத்தி மூணு வயசுல ஒன் கையில பேனாவக் குடுத்தது என் தப்பு. திங்கக்கிழமை கணக்கு நேராகலைன்னா அந்த நாற்காலியில வேற ஆளு. மூட்டை தூக்கவும் இனி ஒனக்கு ஏலாது. அத நீதான் யோசிச்சுக்கிடணும்."

ராஜபாளையத்தில் அதே கிட்டங்கியில் இருபத்திரண்டு வருஷம் மூட்டை சுமந்தவன் நான். மூட்டையோடு உள்ளே போகும்போதெல்லாம் வாசல் மேஜையில் இருக்கும் கணக்கர் என்னவோ எழுதுவார். என் தலை மூட்டைக்கு அடியில் குனிந்திருக்கும். அவர் கை மட்டும்தான் தெரியும். மூட்டைக்குக் கனம் உண்டு, நெடி உண்டு, கழுத்தில் அரிப்பு உண்டு. தாளில் போனதும் அது என்னவாக ஆகிறது? இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் தொண்ணூற்றொன்றில் தளவாய்புரம் பள்ளிக்கூடத்தில் அறிவொளிக்காரர்கள் எழுதப் படிக்க வகுப்பு வைத்தபோது பெண்பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தேன். இரண்டு வருஷம் கழித்து நடு முதுகில் எலும்பு விலகி, இனிமேல் மூட்டையைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி காவல் வேலை தருவதாகச் சொன்னார். நோட்டுப் போடுகிற வேலை கொடுங்கள் என்று கேட்டேன். கூட நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும்தான் சிரித்தார். ஆனால், "ஒரு மாசம் பாப்போம்" என்றார்.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தது பால்பாண்டி. பி.காம் படித்தவன், இருபத்தாறு வயது. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவான். நான் வாசலில் எழுதும் நோட்டைப் பார்த்து அவன் உள்ளே பேரேட்டில் ஏற்றுவான். முதல் நாள் அவன் சொன்ன ஒரு விஷயம் இன்றைக்கும் என் தலைக்குள் சுற்றுகிறது. சாயங்காலம் கிட்டங்கியைப் பூட்டும்போது உள்ளே இருப்பது இறுதி இருப்பாம். காலையில் திறந்தால் அதே சரக்கு ஆரம்ப இருப்பாம். ஒருத்தனும் தொடவில்லை, ஒரு மூட்டையும் புரளவில்லை. பூட்டின கதவுக்குள்ளேயே அதற்குப் பெயர் மாறிவிடுகிறது. "எத்தன மணிக்கு மாறும் தம்பி?" என்று கேட்டேன். "அத எங்க காலேஜ்ல சொல்லலையேண்ணே" என்றான்.

சனிக்கிழமை முழுக்க நோட்டைப் புரட்டினேன். ஒரு அட்டிக்கு ஒரு பக்கம். மூட்டை இறங்க இறங்க எழுதியது, ஒன்றையும் விடவில்லை. எனக்குத் தெரிந்து ஒரு மூட்டைகூடக் கூடுதல் இல்லை. அப்படியானால் பால்பாண்டியின் பேரேடு ஏன் குறைகிறது? பயம் ஒரு பக்கம் கிடக்க, எனக்கு அதைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும் போல இருந்தது. பக்கங்களை எண்ணினேன். ஐம்பத்தேழு. மறுபடியும் எண்ணினேன். ஐம்பத்தேழுதான். பக்கத்துக்கு ஒரு மூட்டை எங்கேயோ போகிறது. நோட்டிலிருந்து பேரேட்டுக்குப் போகிற வழியில் இறங்கிக்கொள்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பால்பாண்டியின் வீடு திருமுக்குளத்துக்குப் பின்னால் ஒரு முடுக்கில். கைலியை மடித்துக் கட்டி சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தான்.

"இந்தப் பக்கத்த எண்ணு தம்பி. வாய்விட்டு எண்ணு."

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கோடுகளின் மேல் விரல் வைத்து எண்ணினான். "பத்தொம்போது."

"மேல இருக்கிறது?"

"பிள்ளையார் சுழி."

"அதுக்குக் கீழ?"

"லாபம்னு எழுதிருக்கீங்க. எல்லாக் கடையிலயும் எழுதுறதுதானேண்ணே. மங்களத்துக்கு."

"தம்பி, அது மூட்டை."

அவனுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னேன். லோடுமேன்கள் எண்ணும்போது முதல் மூட்டையை ஒண்ணு என்று சொல்வதில்லை. லாபம், ரெண்டு, மூணு என்றுதான் கூப்பிடுவார்கள். அட்டிக்கு அட்டி மறுபடியும் லாபத்திலிருந்து ஆரம்பிக்கும். மூட்டை இறக்குகிற கருத்தப்பாண்டி லாபம் என்று கத்தும்போது நான் லாபம் என்று எழுதினேன். ரெண்டிலிருந்து கோடு போட்டேன். லாபத்துக்கும் ஒரு கோடு போட்டிருந்தால் இந்த வினை இல்லை. ஆனால் கோடு எழுதத் தெரியாதவனும்தான் போடுவான். கரித்துண்டால் சுவரில் எத்தனை கோடு போட்டிருப்பேன். ஒவ்வொரு அட்டிக்கும் ஒரு வார்த்தை எழுதலாம் என்று ஒரு சந்தர்ப்பம் கிடைத்தபோது விட மனசு வரவில்லை. சுழித்துச் சுழித்து எழுதினேன். ஐம்பத்தேழு பக்கத்திலும் லகரம் நன்றாகத்தான் விழுந்திருக்கிறது.

"ஏண்ணே, பத்தொம்போதா நான் கூட்டும்போது எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஏதோ ராசிக்கு அப்படி அடுக்குறீங்கன்னு நெனச்சுட்டேன்" என்றான் பால்பாண்டி. ரெண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவன் குரலை இறக்கினான். "ஒவ்வொரு லாபத்துக்குப் பக்கத்துலயும் சின்னதா ஒரு கோட்ட இழுத்துருங்க. நான் கூட்டுனதுல தப்பு விழுந்துட்டுன்னு சொல்லிக்கிடுதேன். என்னைய ஒண்ணும் செய்ய மாட்டாங்க. ஒங்களத்தான் எந்திரிக்கச் சொல்லுவாங்க."

அவன் பேனாகூட நீட்டினான். வாங்கித் திறந்தேன். முதல் பக்கத்தில் லாபத்துக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. ஒரு கோட்டுக்குத் தாராளமான இடம். இழுத்தால் மூட்டை ஏறிவிடும். ஆனால் மூன்று வாரத்துக்கு முந்தி இறங்கின மூட்டையை இன்றைக்கு இறங்கினதாக எப்படி எழுதுவது? எழுதினால் இந்த நோட்டை இனிமேல் நானே நம்ப மாட்டேனே. பேனாவை மூடிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என் பெண்டாட்டி செல்லக்கனியிடம் சொன்னேன். அவள் பேண்டேஜ் துணியைச் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள், உருளைக்கு இத்தனை பைசா என்று. எழுத்து அவளுக்குத் தெரியாது. வகுப்புக்குக் கூப்பிட்டபோது உருளையை யார் சுருட்டுவது என்று கேட்டுவிட்டாள்.

"வெறும் கோடாப் போட்டிருந்தா நானே எண்ணிச் சொல்லிருப்பேனே. படிச்சுப் படிச்சு ஒண்ணு போச்சு பாத்தியளா" என்றாள். பிறகு, "அந்த அம்மாகிட்ட என்ன சொல்லப் போறிய?" என்று கேட்டாள்.

"நடந்தத."

"சொல்லுங்க. இந்த மாசம் உருளைய கூடச் சுருட்டிக்கிடலாம்."

திங்கட்கிழமை காலையில் முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. நோட்டை வாங்கி நாலைந்து பக்கம் பார்த்தார். "எங்க அப்பாவும் லாபம்னுதான் எண்ணுவாரு. ஆனா எழுதுனதில்ல. அவங்ககிட்ட நீயே சொல்லு. ஒத்துக்கிட்டா இருந்துக்கோ" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஆவுடையம்மாள் பத்து மணிக்கு வந்தார்கள். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார்கள். நோட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள், இடையில் செருகினது ஏதாவது இருக்கிறதா என்று.

"நான் இத மூட்டைன்னு எப்படி எடுத்துக்க? எழுதிருக்கது லாபம்."

"சொல்றதும் அதுதாம்மா."

"சரி. அட்டியப் பிரிச்சு அந்தப் பக்கம் மாத்தச் சொல்லுங்க. அவங்க கூப்பிடுற மாதிரியே நீங்க கூப்பிடுங்க, நான் எழுதுதேன். ஒங்க ஆளுக எப்படி எண்ணுறாங்கன்னு நான் பாக்கணும்."

மேஜையில் புதுத் தாள் ஒன்றை விரித்து உட்கார்ந்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். கருத்தப்பாண்டி முதல் மூட்டையைக் கொக்கியால் இழுத்து முதுகில் ஏற்றிக்கொண்டு, பலகையில் ஒரு கால் வைத்து நின்றான். கூப்பிட வாயைத் திறந்தேன். அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

"ஒரு நிமிஷம். ஏன் ஒண்ணுன்னு சொல்ல மாட்டேங்கிறீங்க?"

இருபத்திரண்டு வருஷத்தில் இதை நான் யோசித்ததே இல்லை. எல்லாவற்றையும் கேட்டவன் இதைக் கேட்காமல் விட்டிருக்கிறேன். அட்டி மேல் நின்ற பேச்சிமுத்துவைப் பார்த்தேன்.

"ஒண்ணுன்னா ஒத்தைம்மா. ஒத்தையில ஆரம்பிச்சா வெளங்காது" என்றான் அவன்.

"அப்ப மூணு ஒத்தை இல்லையா?" என்றார்கள் ஆவுடையம்மாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள்.

"அது வேற ஒத்தை" என்றான் பேச்சிமுத்து.

"இல்லம்மா, மொதலாளிக்கு மொத மூட்டை லாபமா நிக்கணும்னு" என்றான் மூலையில் நின்ற இன்னொருவன்.

"அப்ப மிச்சம் பத்தொம்பதும்?"

"அது அவருக்குத்தான் தெரியும்" என்றான். முதலாளி தொண்டையைச் செருமினார்.

"ஏலே, ஆராய்ச்சியப் பொறவு வச்சுக்கிடுங்கடா" என்று மூட்டைக்கு அடியிலிருந்து கருத்தப்பாண்டி கத்தினான். "கழுத்து ஒடியுது. லாபமோ நட்டமோ, ஏதாவது ஒண்ணச் சொல்லித் தொலைங்க!"

கிட்டங்கியே சிரித்தது. அந்த அம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையே சொல்லாக எடுத்துக்கொண்டு அவன் நடந்துவிட்டான். யாரும் எதுவும் கூப்பிடாமலே முதல் மூட்டை அந்தப் பக்கம் போய்த் தொப்பென்று விழுந்தது. பருத்திக்கொட்டைத் தூசி எழும்பி, வெயில் விழுகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்று, மேஜை வரைக்கும் வந்தது. பேச்சிமுத்து அடுத்த மூட்டையோடு பலகையில் காலை வைத்துவிட்டான். இது லாபமா, ரெண்டா என்பதுபோல முகத்தைத் திருப்பி என் வாயைப் பார்த்தான்.

நான் தாளைப் பார்த்தேன். அதில் இன்னும் எதுவும் இல்லை. முதல் வரி ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் ஒரு பஞ்சு இழை வந்து உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாள் பேனாவை அதற்கு மேலே பிடித்தபடி, அதை ஊதாமல், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.