டெவேன் ஐயாவின் கடைசிச் சுவர்

என் பெயர் சோதிலிங்கம். பெயின்ட் அடிக்கிறவன். எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, இருபது வருடமாக ஜெர்மனியின் இந்த ரூர்ப் பக்கத்துச் சுவர்களுக்கெல்லாம் வெள்ளை அடித்தே வயிறு கழுவியவன். டெவேன் ஐயாவின் கடைசிக் கட்டடம் போனது என்னால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு யாரும் வாசிக்க வேண்டாம்.

ஃபின்டன் டெவேன் அயர்லாந்துக்காரர். கால்வே பக்கம் பிறந்து, கட்டடக்கலை படித்து, ஐம்பத்தெட்டில் ஜெர்மனிக்கு வந்தவர். போரில் இடிந்ததையெல்லாம் இங்கே திரும்பக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஓடு, வளைவு, பூவேலை ஒன்றும் அவருக்கு ஆகாது. வெறும் கொங்கிறீட், தட்டைக் கூரை, வெளிச்சம், அவ்வளவுதான். வாழ்நாளில் கட்டியது மொத்தம் ஐந்து. அயர்லாந்தில் கட்டிய சிற்றாலயம் ஒழுகுகிறது என்று பங்குத்தந்தை அதன் தலையில் ஓட்டுக்கூரையைக் கவிழ்த்துவிட்டார். இங்கே கட்டிய நீச்சல் குளத்தை இடித்தார்கள். பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் குளிர் தாங்கும் பலகை ஒட்டி முகமே தெரியாமல் ஆக்கினார்கள். நூலகம் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. மிஞ்சியது அறுபத்து நாலில் எங்கள் நகரத்தில் கட்டிய மண்டபம் மட்டும். அதைத்தான் வாடகைக்கு எடுத்து நாங்கள் பிள்ளையார் கோயில் வைத்திருந்தோம்.

அவர் அதே தெருவில் தனியாக இருந்தார். மனைவி செத்து வெகுகாலம், பிள்ளைகள் இல்லை. வெள்ளிக்கிழமை பூசை முடியும் நேரம் வந்து சுவரைத் தடவிப் பார்ப்பார். அந்தச் சுவரில் மரப்பலகையின் வரி அப்படியே பதிந்திருக்கும். கொங்கிறீட் ஊற்றுவதற்கு அடித்த ஒவ்வொரு பலகையையும் மரம் விற்கும் மரக்காலையில் தானே நின்று பொறுக்கினாராம். கணு எங்கே, வெடிப்பு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார். எனக்கென்றால் பூசாத சுவர் அரைகுறை வேலை.

"ஏன் ஐயா, பூசுறதுக்குச் சீமெந்து காணாமப் போட்டுதோ?" என்று பகிடி விடுவேன். நாங்கள் பேசியது ஜெர்மன், இங்கே அதை என் பாஷையில்தான் சொல்ல முடியும். "நீ கதையை விட்டிட்டு வடையைத் தின்" என்பார்.

இரண்டாயிரத்து ஐந்தில் மண்டபத்துச் சொந்தக்காரன் அதைச் சூப்பர் மார்க்கெட் கட்டுவதற்கு விற்கப் பார்த்தான். தடுக்க ஒரே வழிதான் இருந்தது. பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று அரசாங்கப் பட்டியலில் ஏறிவிட்டால் யாராலும் இடிக்க முடியாது. ஐயா எழுபத்தெட்டு வயதில் தன் கையாலேயே விண்ணப்பம் எழுதிப் போட்டார். அதிகாரி வந்து பார்ப்பதற்கு நாளும் குறித்தார்கள். அந்த நேரம் பார்த்து மனுசன் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கிடந்துகொண்டு, "இடத்தைத் துப்புரவாக வைத்திருங்கோ" என்று மட்டும் சொல்லியனுப்பினார்.

துப்புரவு! எங்கள் சனத்திடம் சொன்னால் என்ன நடக்கும்?

"பெரிய ஆக்கள் வரேக்க சுவர் இப்பிடிச் சாம்பல் நிறமாக் கிடக்கிறதோ? மானம் போயிடும்" என்றார் கோயில் தலைவர் குமாரசாமி அண்ணை. "சோதி, உன்ர கைவேலையைக் காட்டு. ஐயா வந்து பாத்தா அசந்து போகோணும்."

"ஓம் அண்ணை, நான் பாக்கிறன். நீங்கள் யோசியாதேங்கோ."

மூன்று நாள் லீவு போட்டு அடித்தேன். வாடகை இடம், விடும்போது இருந்தபடியே கொடுக்க வேண்டும். அதனால் டிஸ்டெம்பர்தான் எடுத்தேன். சுண்ணப்பொடியும் பசையும் கலந்த சாயம், வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தால் வந்துவிடும். முதலில் பசைத்தண்ணீர், பிறகு வரியெல்லாம் மறையும்வரை மூன்று பூச்சு வெள்ளை, அதன்மேல் காவிப் பட்டை. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, பிள்ளையாரே, எனக்கு எவ்வளவு பெருமை!

குறித்த நாள் ஐயாவைச் சக்கர நாற்காலியில் வைத்து நானே தள்ளிக்கொண்டு வந்தேன். வாசலைத் தாண்டியதும் அவர் உடம்பு விறைத்தது. சுவரண்டை கொண்டுபோகச் சொன்னார். கையை நீட்டிக் கணு இருந்த இடத்தைத் தேடினார். விரல் வழுக்கிக்கொண்டு போனது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதிகாரி ஒரு பெண், கையில் தடித்த கோப்பு. சுவரைப் பார்த்தார், பழைய படங்களைப் பார்த்தார்.

"பலகை வரிதான் இந்தக் கட்டடத்தின் உயிர். பெயின்ட் அதற்குள் இறங்கிவிட்டது. மணல் அடித்து எடுத்தால் வரியும் சேர்ந்து போகும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது இப்படி மாற்றுவது குற்றம். யார் செய்தது? என்ன சாயம்?"

எனக்கு அடுத்த வியாழக்கிழமை குடியுரிமைக் கந்தோரில் டெர்மீன், வரச்சொல்லிக் குறித்த நாள். இருபது வருடம் காத்திருந்து கிடைத்த நாள். குற்றம் என்ற சொல்லோடு என் பெயரும் ஒரு கோப்பில் ஏறினால்? மனைவி ரஞ்சினியும் பிள்ளைகளும் கண்முன் வந்து நின்றார்கள். "அம்மா, இது டிஸ்டெம்பர், வெந்நீரில் போகும்." இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியாது" என்றேன்.

குமாரசாமி அண்ணை என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, "எங்களுக்கும் தெரியாது" என்றார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தார். எந்தச் சாயம் என்பது பாவம் அவருக்கு உண்மையிலேயே தெரியாது. பட்டியலில் ஏற்ற முடியாது என்று சொல்லி அதிகாரி கோப்பை மூடினார்.

பிறகாவது ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று கடத்தினேன். அப்படி ஒன்றும் பெரிய குற்றமில்லை, மிஞ்சிப்போனால் ஒரு எச்சரிக்கை என்று பின்னால் ஒரு வழக்கறிஞர் சொன்னார். என்ன பிரயோசனம்? மாசியில் எனக்குப் பாஸ்போர்ட் வந்தது. சித்திரையில் மண்டபத்தை இடித்தார்கள். பிள்ளையார் ஒரு டயர்க் கடைக்குப் பின்னால் இருந்த கிடங்குக்குப் போனார். ஐயா முதியோர் இல்லத்துக்குப் போனார்.

"எனக்கு அதில ஒரு துண்டு கொண்டுவா" என்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று. வேலி ஏறிக் குதித்து, ஒரு றாத்தல் பாண் ரொட்டி அளவில் துண்டொன்றைப் பொறுக்கி வந்தேன். பாதி வெள்ளை, பாதி காவி. அவர் மேசையில் பேப்பர் விரித்து வைத்தேன்.

அதில் தூசி இருந்தது. பக்கத்தில் தேநீருக்கு வைத்திருந்த வெந்நீரில் கைக்குட்டையை நனைத்து ஐயா துடைத்தார். கைக்குட்டை வெள்ளையாக வந்தது. அதைப் பார்த்தார். திரும்ப நனைத்துத் துடைத்தார். சாம்பல் நிறம் தெரிந்தது. இன்னொருதரம் துடைக்க ஒரு வரி தெரிந்தது, பக்கத்தில் இன்னொரு வரி, பிறகு ஒரு கணு. மயிரிழையும் கெடாமல் இருந்தது.

"நீ பெயின்ட் அடிக்கிறவன். உனக்குத் தெரியாமல் இராது" என்றார்.

"தெரியும் ஐயா. அண்டைக்கும் தெரியும். பயத்தில சொல்லேல்ல."

ஏசுவார் என்று நின்றேன். அடித்திருந்தால்கூட நல்லாயிருந்திருக்கும். அவர் கைக்குட்டையைப் பிழிந்தார். குவளையைத் தொட்டுப் பார்த்து என் பக்கம் தள்ளினார்.

"ஆறிப்போச்சு. சூடாக் கொண்டுவா."

கொண்டுவந்து கொடுத்தேன். காவிப் பட்டையைத் துடைக்கத் தொடங்கினார்.