பன்னிரண்டு டப்பா

அந்த மூன்று மாடிக் கட்டிடத்தில் பன்னிரண்டு வீடுகள். இரண்டே வாரத்தில் ஒன்பது வீடுகளில் வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. உப்புக்கரைசல் பொட்டலம் விற்று மாளவில்லை என்று மருந்துக்கடைக்காரர் சுகாதாரத் துறைக்குச் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. கட்டிடத்துக்காரர்கள் மூச்சுவிடவில்லை.

விசாரிக்கப் போனவர் சுகாதார ஆய்வாளர். நாற்பது வயதுப் பெண். ஊராரின் வயிற்றைப் பற்றிப் பேசியே பதினைந்து வருடமாக வயிறு வளர்ப்பவர் என்று அவர் கணவர் கேலி செய்வார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் வாசலிலேயே மறித்தார்.

"இங்க எல்லாரும் படிச்சவங்க மேடம். அந்த மாதிரி வியாதியெல்லாம் கிடையாது."

"வயிறு பட்டம் எல்லாம் பார்க்காது சார். வீட்டுக்கு ஒரு டப்பா தரேன். கொஞ்சம் மலம் எடுத்து, பேர் எழுதி, நாளைக்குக் காலைல குடுத்துடுங்க. நல்லா இருக்கிற வீட்லயும் வேணும்."

மறுத்துப் பேச வாயெடுத்த செயலாளரின் முகம் திடீரென்று மாறியது. "ஒரு நிமிஷம்" என்றவர் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினார். அவர் வீடும் அந்த ஒன்பதில் ஒன்று.

மறுநாள் காலை பன்னிரண்டு டப்பாக்களும் மூடி துடைத்து, பெயர் எழுதி, படிக்கட்டுக்குக் கீழே வரிசையாக இருந்தன. கேட்ட மறுநாளே எல்லோரும் கொடுத்து ஆய்வாளர் பார்த்ததேயில்லை. உச்சி குளிர்ந்துபோய் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவைத்தார்.

மதியம் ஆய்வுக்கூடத்துக்காரர் போன் செய்தார்.

"அக்கா, வயித்துப்போக்கு கேஸுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா தம்பி."

"பன்னிரண்டும் கட்டியா இருக்கு. பன்னிரண்டுலயும் பீட்ரூட் சிவப்பு. பன்னிரண்டுலயும் உருண்டைப்புழு முட்டை. ஒண்ணு, அங்க எல்லாரும் ஒரே தட்டுல சாப்பிடுறாங்க. இல்லேன்னா யாரோ ஒருத்தர் ஊருக்கே உபகாரம் பண்ணியிருக்கார்."

ஆய்வாளருக்கு முதலில் சிரிப்பு வந்தது. கோபம் பிறகுதான் வந்தது. சாயங்காலம் எல்லோரையும் படிக்கட்டருகே கூட்டினார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இந்த ரெண்டு மூணு நாள்ல யார் வீட்ல பீட்ரூட் சமைச்சீங்க?"

சிலர் விட்டத்தைப் பார்த்தார்கள், சிலர் செருப்பைப் பார்த்தார்கள். கீழ் வீட்டுப் பெண் மட்டும் தன் கணவரைப் பார்த்தார். கார் ஓட்டச் சொல்லித்தருகிற வாத்தியார் அவர். கட்டிடத்தில் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர். காலை ஆறு மணிக்கு அவர் வீட்டுக் கழிப்பறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால்தான் மேல் வீட்டில் அடுப்புப் பற்றவைப்பார்கள்.

"எல்லாரும் வந்து கேட்டாங்க மேடம்" என்றார் கடிகாரம். "இதைப் போய் எப்படிக் குடுக்கிறதுன்னு கூச்சப்பட்டாங்க. கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்லி எனக்குப் பழக்கமில்லை."

"நான் ஏதாவது கேட்டா மட்டும் நாளைக்குன்னுவார்" என்றார் மனைவி.

"பெரிய வள்ளல்தான் சார். ஆனா உங்க வயித்துல புழு இருக்கு."

கடிகாரம் ஒரு கணம் நின்றுபோனது.

"எனக்கா? இந்தக் கட்டிடத்துலயே ஒழுங்கான வயிறு என்னோடதுதான்."

ஆய்வாளர் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். "அதுதான் எனக்கும் புரியல. உங்க வீட்டுக்கு ஏன் வயித்துப்போக்கு வரல?"

மனைவி பதில் சொன்னார். "ஒரு மாசமா இங்க தண்ணி ருசி மாறிப்போச்சுங்க. இவர் வேலை பார்க்கிற இடத்துலேர்ந்து கேன்ல கொண்டுவர்றார். செயலாளர்கிட்ட சொன்னேன். நாக்கை டாக்டர்கிட்ட காட்டுங்கன்னார்."

நோய் வராத மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிப்பதாகச் சொன்னார்கள். ஆய்வாளர் கேள்விகளை நிறுத்திவிட்டு, எல்லா வீட்டுக்கும் தண்ணீர் ஏறுகிற தரைத் தொட்டியின் மூடியைத் திறக்கச் சொன்னார். டார்ச் வெளிச்சத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் ஓடும் கழிவுக் குழாயின் இணைப்பு விட்டுப்போய், தொட்டிச் சுவரின் விரிசல் வழியாகக் கறுப்பாய் ஒரு கசிவு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் மாடிப் பெண் மெதுவாகச் சொன்னார். "நாத்தனார் வந்திருந்தப்ப ரெண்டு தம்ளர் குடுத்தேனே."

அன்றே குழாய்த் தண்ணீர் நிறுத்தப்பட்டது. தொட்டியைக் காலிசெய்து தேய்த்துக் கழுவினார்கள். விரிசலை அடைத்து, குழாயை மாற்றி, மருந்து போட்டார்கள். புது டப்பாக்கள் இந்த முறை இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, நாலு சுற்றுத் தாளுக்குள் ஒளிந்து, ஒவ்வொன்றாக வந்துசேர்ந்தன. தொட்டித் தண்ணீரைச் சோதித்தபோது கண்ட கிருமியே நோய் வந்த ஒன்பது வீட்டு டப்பாக்களிலும் இருந்தது. மூன்று வாரத்தில் நோய் நின்றது. கடிகாரமும் மனைவியும் புழு மாத்திரை போட்டுக்கொண்டார்கள். கேரட்டைக் கழுவாமல் கடிக்கிற பழக்கத்துக்கு வீட்டில் தடை விழுந்தது.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு ஆய்வாளரை அழைத்திருந்தார்கள். செயலாளர் எழுந்து, தன் வயிறு பட்ட பாட்டை முதல் நாளிலிருந்து, வேளைவாரியாக, நிறம் உட்பட விவரிக்கத் தொடங்கினார். அரை மணி நேரம் ஆகியும் அவர் நான்காம் நாளைத் தாண்டவில்லை. பிஸ்கட் தட்டை யாரும் தொடவில்லை.