மத்தியானம் வரை கிசுகிசுக்கும் வீடு

1

இந்தக் கதை நான் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோது கிடைத்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே. கடைவாய்ப் பல்லுக்கு அச்சு எடுக்க வாய் நிறைய இளஞ்சிவப்பு மாவை அடைத்து, இறுகும்வரை ஆடாமல் அசையாமல் இருக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். அப்போது உள்ளறையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அங்கே பல்செட் செய்கிறவள். முழங்கை வரை வெள்ளைத் தூள்.

"நாளைக்கு நான் வரமாட்டேன் டாக்டர். வீட்டுல பண்டிகை."

"நாளைக்கு என்ன பண்டிகை?"

"எங்க வீட்டுல மட்டும்தான். மத்தியானம் வரைக்கும் யாரும் சத்தமா பேசக்கூடாது."

மருத்துவர் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். எனக்கோ ஆயிரம் கேள்விகள். வாயில் மாவு. (வாய் சும்மா இருந்திருந்தால் கேட்டுத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். கதை எழுதியிருக்க மாட்டேன்.) ஆகவே இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது.

2

முதல் தொடக்கம்: 'கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் குழந்தை ஒரு—'

வேண்டாம். மருந்து வாடை அடிக்கிறது.

இரண்டாவது: 'மாற்றாந்தாய் என்றாலே—'

ஐயோ, வேண்டவே வேண்டாம். அந்தச் சொல் வாசற்படி ஏறும்போதே முறைத்துக்கொண்டு ஏறுகிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அந்த வீட்டு மகள் குறைமாதத்தில் பிறந்தவள். வெகுநாள் மருத்துவமனையில் வைத்திருந்து, ஒருவழியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த அன்று காலை அவள் கூடத்தில் அயர்ந்து தூங்கினாள். எங்கே எழுந்துவிடுவாளோ என்று அப்பாவும் அம்மாவும் மத்தியானம்வரை காற்றாலேயே பேசிக்கொண்டார்கள். அந்த நாள் வருஷாவருஷம் பண்டிகையாகிவிட்டது. எந்தக் கடையிலும் அந்தச் சின்னஞ்சிறு பாதத்துக்குச் சாக்ஸ் கிடைக்காததால் அம்மா வண்ணத்தாளில் கட்டைவிரல் அளவுக்குச் சாக்ஸ்கள் வெட்டி ஒட்டித் தோரணம் கட்டினாள். ஒவ்வொரு பண்டிகைக்கும் தோரணம் கொஞ்சம் நீளும்.

மகளைப் பள்ளியில் சேர்த்த வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பா லிப்ட் பழுது பார்க்கிறவர். அவரும் மகளும் பண்டிகையை விடவில்லை. தோரணம் மட்டும் அதற்குமேல் நீளவில்லை.

இந்த வருஷம் வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி, அப்பா மறுமணம் செய்துகொண்டவள், நான் பார்த்த அந்தப் பல்செட் செய்கிறவள். மகள் அவளைச் சித்தி என்று கூப்பிடுவாள். தோழிகளிடம் 'எங்க வீட்டுப் பல்காரி' என்பாள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

3

பல்காரிக்கு ஆசை. விடிந்ததும் அப்பாவும் மகளும் கண் விழித்துத் தோரணத்தைப் பார்க்க வேண்டும். முந்தின நாளே பெட்டியிலிருந்து எடுத்துக் கூடத்து ஜன்னலில் கட்டிவிட்டாள். ஜன்னலைச் சாத்தத்தான் மறந்தாள். மழை வந்தது.

காலையில் சுவரில் சிவப்பும் நீலமுமாக வழிந்திருந்தது. தரையில் காகிதக் கூழ். மகள் அதன்முன் நின்றாள்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?" கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள். பண்டிகையாயிற்றே.

"யாரையும் கேக்கல. தப்புதான்."

"தப்புன்னு சொன்னா சரியாயிடுமா?"

கோபத்தைக் கிசுகிசுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. எழுதும்போது நான் தனியாகச் செய்து பார்த்தேன். தொண்டை நரம்பு புடைத்துக்கொள்கிறது, வருவதென்னவோ வெறும் காற்று. எதிர்வீட்டுக்காரர் பார்த்திருந்தால் சித்தியும் மகளும் ஏதோ அந்தரங்கம் பேசுவதாகத்தான் நினைத்திருப்பார்.

"விடும்மா, புதுசா செஞ்சுக்கலாம்," என்றார் அப்பா.

"அம்மா செஞ்சதாகுமாப்பா?"

அவர் தரை துடைக்கும் துணியைப் பிழியப் போய்விட்டார். (இந்த மனிதர் எனக்குப் பிடிபடவே இல்லை. பேச வைக்கலாம் என்று கூப்பிட்டால் ஏதாவது வேலையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்.)

இந்த இடத்தில் பல்காரியை அழவைத்திருந்தேன். ஒட்டவில்லை. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கடித்துத் தின்னப் பல் செய்து தருகிறவள் அவள். ஏதாவது உடைந்தால் அவள் கண் கலங்குவதற்கு முன் கை முந்திக்கொள்ளும்.

4

பல் அச்சு எடுக்கிற மாவுப் பையையும் கிண்ணத்தையும் எடுத்துவந்து கூடத்தில் உட்கார்ந்தாள்.

"கையக் குடு."

"எதுக்கு?"

"காலுக்குத்தான் உங்கம்மா செஞ்சாங்க. கைக்கு யாரும் ஒண்ணும் செய்யலையே."

மகள் உடனே கையை நீட்டி—

இல்லை. அவ்வளவு சுலபத்தில் நீட்ட மாட்டாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பல்காரி தன்பாட்டுக்கு மாவைக் குழைத்தாள். குழைத்தது வீணாக இறுகியது. மறுபடி குழைத்தாள். கதவு திறந்தது.

"சும்மா பாக்கத்தான் வந்தேன்."

"பாரு."

பார்த்தாள். பிறகு சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு மாவுக்குள் கையை விட்டாள்.

"ஐயோ, ஜில்லுங்குது!"

"அசைக்காத. அசைச்சா ஆறு விரலோட வரும்."

சிரிப்பை அடக்க முடியாமல் மகளின் தோள் குலுங்கியது. கை மட்டும் அசையவில்லை. குழைவு இறுகியதும் கையை உருவி, குழிக்குள் வெள்ளைப் பிளாஸ்டர் கரைசலை ஊற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். மத்தியானம் எப்போது தாண்டியது என்று யாருக்கும் தெரியவில்லை. அச்சை உரித்தால் உள்ளே ஒரு வெள்ளைக் கை, உறங்குவதுபோல் விரல்களை லேசாக மடக்கிக்கொண்டு.

5

அப்பா வந்து அதை எடுத்தார். திருப்பினார். முகம் மாறிவிட்டது.

"என்னப்பா?"

"உங்கம்மாவுக்கும் சுண்டுவிரல் இப்படித்தான் உள்பக்கமா வளைஞ்சிருக்கும்."

ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும் மகளின் கையில் இத்தனை வருஷம் அது அவர் கண்ணில் படவே இல்லை. அவர் அந்த வெள்ளைக் கையைக் கீழே வைக்கவில்லை. பல்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். தான் ஒருநாளும் பார்த்திராத ஒருத்தியின் விரலைத் தன் கையாலேயே செய்து அவரிடம் கொடுத்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. பொறாமையா, நிறைவா? எழுதிப் பார்த்தேன். இரண்டும்தான். எழுந்து கிண்ணத்தைக் கழுவக் கிளம்பினாள்.

"எங்க போறீங்க? மாவு மிச்சமிருக்குல்ல?" மகள் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "உங்க கையையும் எடுக்கலாம். உக்காருங்க."

மகளே தண்ணீரை அதிகம் விட்டுக் குழைத்தாள். பல்காரி திருத்தவில்லை. கையை உள்ளே விட்டாள்.

6

முடிவுகள் சில வைத்திருந்தேன். இரண்டு வெள்ளைக் கைகளும் கூடத்தில் ஒன்றாகத் தொங்குவது: அழகு திகட்டுகிறது. பல்காரியின் கை மட்டும் உடைந்துபோவது: யாரையோ பழிவாங்குகிற மாதிரி இருக்கிறது. கடைசியில் நான் எழுதியது இவ்வளவுதான்.

"அடுத்த வருஷம் என் கை பெருசாயிருக்கும். மறுபடி எடுக்கணும்," என்றாள் மகள். "உங்களுது?"

"பெரியவங்க கை வளராதும்மா. மறுபடி எடுத்தாலும் இதேதான் வரும்." பல்காரி மாவுக்குள் இருந்த தன் கையைப் பார்த்தாள். "என்னோடது எடுக்க வேணாமா?"

மகளுக்கு மூன்று பதில் எழுதினேன். மூன்றையும் அடித்துவிட்டேன், மூன்றும் என் குரலில் இருந்தன. மாவு நீர்த்துப்போனதால் இறுக நேரமாகிறது. அவள் சித்தியின் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும். பதிலை நீங்கள் அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.